மலைச்சரிவில் கொம்போசிட் பலகை டெக்: பலகை வாங்குவதற்கு முன்

ஹட்டன் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சமையலறையின் பின்கதவைத் திறந்தால் சில அடிகள் தட்டு நிலம், அதற்கப்பால் சரிவு, சரிவின் கீழே தேயிலை. அந்த இடத்தில் ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடி அளவில் ஒரு டெக் (கால்களில் நிற்கும் பலகைத் தளம்) அமைத்து மேசை நாற்காலி போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மரம் உளுத்துப்போகும் என்பதால், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த கொம்போசிட் பலகை வாங்க எண்ணுகிறார். கொழும்புக் கடைக்காரரோ "இருபத்தைந்து வருடத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்கிறாராம். நம்பலாமா, நம் மழைக்குத் தாங்குமா, ஊரிலுள்ள மேசன் பாஸையும் வெல்டிங் வேலைக்காரரையும் வைத்தே கட்டிவிட முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

கட்டலாம். ஊர்க் கைகளே போதும். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை.

அவர் பேசுவது பலகையைப் பற்றி மட்டும். பலகை எளிதில் உளுக்காது, கறையான் அரிக்காது என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் மலைநாட்டில் ஒரு டெக் கெட்டுப்போவது பலகையில் தொடங்குவதில்லை. கால் ஊன்றிய மண் இறங்கும். வெல்டிங் மூட்டுத் துருவேறும். கூரையிலிருந்து விழும் தண்ணீர் அடியிலேயே ஊறும். மேலே பலகை புதுக்கருக்கு மாறாமல் இருக்க, கீழே அதைத் தாங்கும் கூடு சாய்ந்துகொண்டிருக்கும். ஆகவே நல்ல பலகைக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு மிச்சத்தில் சட்டம் அடிக்கும் வழக்கமான கணக்கைத் தலைகீழாக்குங்கள். மண், தண்ணீர், சட்டம் ஆகிய மூன்றுக்கும் வேண்டியதை எடுத்துவைத்துவிட்டு, மீதியில் எந்தத் தரப் பலகை கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

பின்புறம் முழுவதும் சமதரையாக இருந்திருந்தால் டெக் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். நாலு அங்குலக் கொங்கிரீட் போட்டு அதன்மேல் சொரசொரப்பான தரைஓடு பதித்தால் மலிவாக முடியும், பராமரிப்பும் குறைவு. உங்களுடையது சரிவு, அதனால்தான் டெக்குக்கு நியாயம் இருக்கிறது. சரிவில் சமதளம் வேண்டுமென்றால் நம் ஊரில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: மேற்பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி, அதை ஒரு கல்கட்டால் தடுத்து நிறுத்துவது. வெட்டிய மேற்பக்கம் பிடிமானம் இழந்து நிற்கிறது. தள்ளிய மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கிறது. கல்கட்டில் தண்ணீர் வடியத் துவாரம் விடாமல் பூசியிருந்தால் அந்தக் கனம் முழுவதும் சுவரின் முதுகில் ஏறுகிறது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலைநாடெங்கும் நடந்ததையும் கண்டவர்களுக்கு மண் எப்படி நகரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவை பெரிய மண்சரிவுகள். வீட்டுப் பின்புற வெட்டோடு ஒப்பிடக்கூடாதவை. இருந்தாலும் சின்ன வெட்டும் சமையலறைச் சுவரைத் தள்ளப் போதுமானது. டெக் அந்தச் சரிவை வெட்டுவதில்லை. கால்களில் நிற்கிறது. மழைத்தண்ணீர் அடியால் தன் வழியே போகிறது. புல்லின் வேர் மண்ணை விடாமல் பிடித்திருக்கிறது.

இதனால் அனுமதி தேவையில்லை என்று எண்ணிவிட வேண்டாம். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டட வேலைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் மதிப்பீடு கேட்கப்படுகிறது. ஒரு டெக்குக்கு அது வேண்டுமா என்பதைப் பிரதேச சபைத் தொழில்நுட்ப அலுவலரிடம் வேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். தோட்ட வீடமைப்பில் கிடைத்த 7 பேர்ச் காணியாக இருந்தால் எல்லையையும் நூல் பிடித்துப் பாருங்கள். 7 பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடிதான். சரிவு பக்கம் நீட்டும் கால் அடுத்த வீட்டுக் காணியிலோ தோட்டத்துத் தேயிலையிலோ இறங்கிவிடுவது எளிது. சரிவில் ஏற்கனவே வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கிளம்பிய ஊற்று ஆகியவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் டெக்கை மறந்துவிட்டு அந்த நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள்.

இனி மண். நீங்கள் சொல்லும் அந்தத் தட்டு நிலம் இயற்கையானதா, வீடு கட்டும்போது தள்ளிய மண்ணா? வெளி விளிம்பில் அலவாங்கை ஓங்கி இறக்கிப் பாருங்கள். ஓரடி, ஒன்றரை அடி வரை வழுக்கிக்கொண்டு போனால் நிரப்பிய மண். சந்தேகமிருந்தால் ஒரு குழி தோண்டுங்கள்: இரண்டு மூன்று நிறம் கலந்த மண், செங்கல் துண்டு, பொலித்தீன், மக்கிய தேயிலைக் கட்டை என்று வந்தால் அது தள்ளிய மண்ணேதான். ஒரே நிறமாக, இறுகி, அலவாங்கு பட்டால் பொரிந்து உதிர்வது வெட்டாத மண். கால் குழி எவ்வளவு ஆழம் என்ற கேள்விக்கு இரண்டடி, மூன்றடி என்று பதில் இல்லை. வெட்டாத மண் எங்கே வருகிறதோ அதற்குள் ஓரடியாவது இறங்க வேண்டும். வீட்டுப் பக்கம் இரண்டடியில் முடிந்துவிடும் குழி வெளிப்பக்கம் நாலடி போகலாம். குழியின் அடி சரிவோடு சாய்ந்திருக்கக் கூடாது, மட்டமாக இருக்க வேண்டும். இதில் மட்டும் பாஸின் பக்கத்தில் நின்று பாருங்கள்.

எடையைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுவிடலாம். அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகள் டெக்குக்குச் சதுர அடிக்கு 40 இறாத்தல் சுமை எடுக்கச் சொல்கின்றன. அது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 195 கிலோ. 2.9 மீற்றருக்கு 3 மீற்றர் டெக் என்றால் 8.7 சதுர மீற்றர், அதாவது ஆட்களும் தளபாடமும் சேர்ந்து சுமார் 1,700 கிலோ. சட்டத்தின் எடையும் பலகையின் எடையும் ஒரு 300 கிலோ. மொத்தம் இரண்டு தொன். மூன்று வரிசையில் மூன்று மூன்றாக ஒன்பது கால் வைத்தால் நடுக்கால்தான் அதிகம் சுமக்கும்: மொத்தத்தில் கால்வாசி, 500 கிலோ. பதினெட்டு அங்குலச் சதுரக் கொங்கிரீட் அடித்தளத்தில் அது சதுர அடிக்கு 225 கிலோ அளவில் பரவுகிறது. இறுகிய மண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை. தள்ளிய மண்ணுக்கோ எவ்வளவு குறைத்தாலும் அதிகம்தான், ஏனென்றால் அது சுமையே இல்லாமலும் மழைக்கு இறங்கிக்கொண்டிருக்கும் மண்.

ஒன்றை இந்தக் கணக்கிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டும். தண்ணீர்த் தாங்கியை டெக்கின் மூலையில் தூக்கி வைக்கும் ஆசை பல வீடுகளில் வருகிறது. 500 லீற்றர் தாங்கி நிறைந்தால் 500 கிலோ, அதுவும் ஒரே மூலையில், இரவும் பகலும். அதற்குத் தனிக்கால் கட்டுங்கள்.

கொங்கிரீட் ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை. தரைமட்டத்துக்கு மேல் ஆறு அங்குலமாவது எழுந்து நிற்கட்டும். மேற்பரப்பைச் சற்றுச் சாய்வாகத் தேய்த்துவிட்டால் இரும்புத் தகட்டின் அடியில் தண்ணீர் நிற்காது. இரும்புக் காலை நேரடியாகக் கொங்கிரீட்டுக்குள் புதைப்பது விரைவான வேலை, கெட்ட வேலை. கொங்கிரீட்டும் காற்றும் சந்திக்கும் அந்த இரண்டு அங்குலத்தில்தான் துரு முதலில் தின்னும். தகடு வைத்து நாலு போல்ட் போட்டு நிறுத்தினால் பிறகு கழற்றவும் முடியும், ஒரு கால் இறங்கினால் தகட்டுக்கு அடியில் திண்டு வைத்துத் தூக்கவும் முடியும்.

டெக்கை வீட்டுச் சுவரில் தொங்கவிடாதீர்கள். வெளிநாட்டுப் படங்களில் சுவரோடு ஒரு மரத்தை போல்ட் அடித்து அதில் சட்டத்தை ஏற்றுவார்கள். அங்கே சுவருக்குள் மரச்சட்டம் இருக்கிறது. நம் பழைய கல்வீடுகளிலும் லயன் அறைகளிலும் சுவர் கருங்கல்லும் சுண்ணாம்பும் மண்ணும். புது வீடுகளில் உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல். இரண்டுமே இழுவைக்கு நிற்காதவை. வீட்டிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித் தன் காலிலேயே நிற்கும் டெக் போடுங்கள். மண் அசைந்தால் டெக் மட்டும் அசையும், வீட்டை இழுக்காது.

தண்ணீருக்கு வருவோம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். நுவரெலியாவில் 1,900 அளவில் பெய்தாலும் மூடுபனியும் சாரலும் தரையைக் காயவிடுவதில்லை. தகரக் கூரையின் ஒரு பக்கம் 40 சதுர மீற்றர் என்று வைத்துக்கொண்டால் 100 மில்லிமீற்றர் மழையில் அந்தப் பக்கம் மட்டும் 4,000 லீற்றர் கொட்டும். பீலி இல்லாத கூரையாக இருந்தால் அவ்வளவும் உங்கள் முதல் வரிசைக் கால்களின் அடியில் விழும். எனவே முதற்செலவு பீலியும் இறக்குக் குழாயும். அடுத்தது மேற்பக்கச் சரிவிலிருந்து வரும் தண்ணீரை டெக்கின் அடிக்கு வரும் முன்பே திருப்பிவிடும் ஒரு கான். தேயிலை மலையில் கான் வெட்டத் தெரிந்த யாரும் இதை அரை நாளில் வெட்டித் தருவார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரியும் சாய்வு மட்டக்குழாய்க்குக்கூடச் சில சமயம் தெரியாது. கானின் வாய் அடுத்த வீட்டின் மேல் திறக்காமல் இருக்கட்டும்.

டெக்கின் அடியில் நாலுபக்கமும் திறந்திருக்க வேண்டும். பார்வைக்கு அசிங்கம் என்று பலகை வைத்தும் தகரம் வைத்தும் மூடுவார்கள். மூடினால் ஈரம் வெளியேறாது. கீழிருந்து ஈரமும் மேலிருந்து வெயிலும் பட்டுப் பலகை வளையும். பெரும்பாலான உற்பத்தியாளர்களின் உத்தரவாதப் பத்திரத்தில் காற்றோட்டம் ஒரு நிபந்தனையாகவே எழுதப்பட்டிருக்கும். அடியில் புதர் மண்டவிட்டால் அட்டையும் குடியேறும். தட்டு நிலத்தில் களை முளைக்காத துணியை விரித்து முக்கால் அங்குலக் கல்லைக் கொட்டிவிடுங்கள்; சரிவில் புல் இருக்கட்டும்.

சட்டத்துக்கு மரமா இரும்பா? கைக்கெட்டும் மரங்களில் டர்பன்டைன் நல்லது, ஆனால் நேராக, காய்ந்ததாகக் கிடைப்பது அரிது. பச்சை மரத்தில் அடித்த சட்டம் காயும்போது முறுக்கிக்கொள்ளும். மேலே பலகையும் அலையலையாக நிற்கும். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு (சில்வர் ஓக்) வெளிவேலைக்கு ஆகாது. பைன் பலகைக்கு மருந்து ஏற்றியிருக்கிறது என்பார்கள். என்ன மருந்து என்று கேளுங்கள். போரிக் வகை உப்பு என்றால் அது வீட்டுக்குள் கறையானுக்கு நல்லது. வெளி மழையில் கரைந்து போய்விடும். செம்பு கலந்த மருந்து என்றால் வெளியில் நிற்கும், ஆனால் சாதாரண ஆணியைத் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியோ கனத்த துத்தநாகப் பூச்சுள்ளதோ வேண்டும். மரச்சட்டம்தான் போடுவது என்றால் ஒவ்வொரு சட்டத்தின் மேல்முகத்திலும் பிற்றுமின் நாடா ஒட்டிவிடுங்கள். உளுப்பு அந்த மேல்முகத்தில்தான் தொடங்கும்.

என் தேர்வு கல்வனைஸ் பொக்ஸ் பார், அதாவது துத்தநாகம் பூசிய பெட்டி வடிவ இரும்புக் குழாய். நேராக இருக்கும், வெல்டிங் ஆள் ஊருக்கு ஊர் இருக்கிறார், சரிவில் தூக்கிப் போவதும் எளிது. சுவர்த்தடிப்பைப் பார்த்து வாங்குங்கள்: 2 மில்லிமீற்றர் கேளுங்கள். 1.2 தடிப்பு எடையைத் தாங்கிவிடலாம், ஆனால் திருகாணி அதில் இரண்டு புரிகூடப் பிடிக்காது. நாளடைவில் பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளிப் ஆட்டம் காணும்.

பொக்ஸ் பாரில் கெடும் இடம் வெல்டிங் மூட்டு. பற்றவைத்த இடத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் துத்தநாகம் எரிந்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து, அதற்குள் வெறும் இரும்பு நிற்கும். வேலைக்காரர் கசடைத் தட்டிவிட்டு வெள்ளிநிறப் பெயின்டை ஒரு தடவு தடவிவிட்டு அடுத்த மூட்டுக்குப் போவார். தூரத்திலிருந்து பார்த்தால் பளபளப்பு. இரண்டு மழைக்காலம் போனால் அந்த வளையத்திலிருந்து துரு வடியும். கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, ஈரமில்லாத நேரத்தில் துத்தநாகச் செறிவுள்ள பிரைமரை இரண்டு முறை பூசி, அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டும். குழாயின் வாய்களைத் தகடு வைத்து அடைத்து, தாழ்ந்த முனையில் ஒரு சிறு துளை விடுங்கள். உள்ளே சேரும் ஈரம் சொட்டிப் போகும். முடிந்த அளவு மூட்டுகளைப் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். ஹட்டனில் மூடுபனிக்கு நடுவே பற்றவைத்துப் பூசுவது ஈரத்தையும் சேர்த்துப் பூசுவதாகிவிடும்.

அளவை ஏன் 2.9 மீற்றர் என்று எடுத்தேன் என்று கேட்கலாம். இங்கே இறக்குமதியாகும் பலகைகளில் 140 மில்லிமீற்றர் அகலமும் 2.9 மீற்றர் நீளமும் கொண்டவை அதிகம் புழங்குகின்றன. டெக்கை 12 அடிக்குத் திட்டமிட்டால் ஒவ்வொரு வரிசையிலும் ஒட்டுப் போட வேண்டும், ஒட்டு வரும் இடத்தில் இரட்டைச் சட்டம் வேண்டும், வெட்டுத்துண்டு வீணாகும். வெளிநோக்கிய நீளத்தை 2.9 ஆக வைத்தால் பலகையை வெட்டவே வேண்டாம். பொக்ஸ் பார் பெரும்பாலும் 6 மீற்றரில் வருவதால் சுவருக்கு இணையான சட்டத்தை 3 மீற்றராக வைத்தால் ஒன்று இரண்டாகும். பலகைக்கும் பலகைக்கும் 5 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு 21 பலகை போட்டால் அகலம் 3.04 மீற்றர்; சட்டத்துக்கு வெளியே இருபக்கமும் 20 மில்லிமீற்றர் நீட்டும். அவ்வளவு நீட்டலாம், ஓர் அங்குலத்துக்கு மேல் கூடாது. வாங்கப்போகும் பலகையின் அளவு வேறாக இருந்தால் இதே முறையில் திரும்பக் கணக்குப் போடுங்கள். பலகையைக் கையில் அளக்காமல் கால் குழி தோண்ட வேண்டாம்.

கொம்போசிட் பலகை மரப்பலகை அல்ல என்பதை இங்கே நினைவில் வையுங்கள். மரத்தூளும் பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதியாக உருக்கி அச்சில் பிதுக்கியது. அதற்குள் நீளவாட்டில் ஓடும் நார் இல்லை. ஆகவே விறைப்பு குறைவு, வெயிலில் இன்னும் குறையும். மரப்பலகைக்கு இரண்டடி இடைவெளியில் சட்டம் போட்டுப் பழகிய தச்சர் இதற்கும் அப்படியே போடுவார். விடாதீர்கள். திடமான நல்ல பலகைக்கே 400 மில்லிமீற்றர்தான் எல்லை. உள்ளே பொந்துள்ள பலகைக்கு 300 முதல் 350. நம் டெக்கில் 320 மில்லிமீற்றருக்கு ஒன்றாகப் பத்துச் சட்டம், அதாவது ஐந்து பொக்ஸ் பார். படிக்கட்டில் இன்னும் நெருக்கம் வேண்டும்.

பொந்தா திடமா? பொந்துப் பலகை எடை குறைவு, விலை குறைவு; லொறி வராத வீட்டுக்குத் தோளில் தூக்கிப்போக வசதி. மேசை நாற்காலிக்குத் தாராளமாகப் போதும். அம்மியோ உரலோ வைக்கும் எண்ணம் இருந்தால், விறகு கொத்தும் பழக்கம் இருந்தால், திடமானதை வாங்குங்கள். பணம் கொடுக்க வேண்டிய இடம் அதைவிட மேலுறைதான். மேலுறை இல்லாத பலகையில் மரத்தூள் வெளியே தெரிய நிற்கிறது. ஈரமும் பூஞ்சணமும் அதைத் தேடி வரும். பிளாஸ்டிக் மேலுறை போர்த்த பலகை நம் மூடுபனிக்கு ஏற்றது. ஆனால் சில பலகைகளில் மேலும் பக்கமும் மூடி, அடியைத் திறந்தே விட்டிருப்பார்கள். அடியிலிருந்து ஈரம் ஏறும் மலைநாட்டுக்கு நாலுபக்கமும் மூடியதே நல்லது. வெட்டிய முனையைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்: மேலுறை வேறு நிறத்தில் மெல்லிய கோடாகச் சுற்றி ஓடும்.

கடைக்காரரிடம் ஒரு சாண் நீள மாதிரித் துண்டு கேளுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்து, தடிப்பை அளந்து, ஒரு வாரம் தண்ணீரில் அமிழ்த்திவையுங்கள். துடைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். நூறு கிராமுக்கு ஓரிரு கிராம் ஏறியிருந்தால் கவலையில்லை. பத்து கிராம் ஏறி, வெட்டுமுனை உப்பி, நகத்தால் சுரண்டினால் தூள் வந்தால், அந்தக் கடையில் தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு கடை மாதிரிகளை ஒரே வாளியில் போட்டால் விலை வித்தியாசத்தின் காரணமும் தெரிந்துவிடும்.

நிறத்தில் மிகக் கருமையானதை நான் தவிர்ப்பேன். இங்கே குளிர்தானே என்பார்கள். காற்றுத்தான் குளிர், வெயிலின் புற ஊதாக்கதிர் ஆயிரம் மீற்றர் உயரத்துக்குப் பத்து வீதம் அளவில் கூடுகிறது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில், வானம் வெளுத்த நாளில், கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு அதிகம். கருநிறப் பலகை வெறுங்காலைச் சுடும், நிறமும் வேகமாக வெளிறும். நடுத்தரச் சாம்பலோ வெளிர் தவிட்டு நிறமோ சேற்றுக்கால் தடத்தையும் மறைக்கும்.

பலகை பதிக்கும் முறையில் விளக்கம் வேண்டியது இடைவெளி ஒன்றுதான். தை மாதத்துப் பனிக் காலையில் பலகை 5 பாகையில் இருக்கும். அதே நாள் மதியம் வெயிலில் 45 பாகையைத் தொடும். 10 பாகைக்கு ஒரு மீற்றர் பலகை 0.3 முதல் 0.5 மில்லிமீற்றர் வரை நீளும். 2.9 மீற்றருக்கு 40 பாகை என்றால் 3.5 முதல் 6 மில்லிமீற்றர். எனவே சுவர்ப் பக்கம் பலகை முனைக்கும் சுவருக்கும் இடையில் 10 மில்லிமீற்றராவது விடுங்கள். மேசன் பாஸ் அந்த இடைவெளியைப் பார்த்ததும் சீமெந்து வைத்து அடைக்க வருவார், அன்பாகத் தடுத்துவிடுங்கள். அடைத்தால் பலகை நடுவில் முதுகு தூக்கும்.

பக்கவாட்டு இடைவெளியைக் கிளிப்பே காட்டிவிடும். 20 இடைவெளி, 10 சட்டம்: 200 கிளிப், தொடக்க வரிசைக்கும் கடைசிக்கும் மேலதிகமாகச் சில. துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்பே வாங்குங்கள். பிளாஸ்டிக் கிளிப் மலிவு, வெயிலில் நொறுங்கும். கிளிப் பலகையை நழுவவிட்டே பிடிக்கிறது. அதனால் ஒவ்வொரு பலகையையும் நடுச்சட்டத்தில் ஒரே ஒரு திருகாணியால் நிலைநிறுத்த வேண்டும். அப்போது பலகை இரு முனைக்கும் சமமாக நீளும். இல்லையென்றால் சாய்வு பக்கம் மெல்ல நகர்ந்து ஒரு நாள் வரிசை தப்பி நிற்கும். திருகாணிக்கு முன்துளை போடுங்கள். போடாமல் இறக்கினால் ஆணியைச் சுற்றிப் பலகை காளான்போலப் புடைக்கும்.

டெக் முழுவதும் வீட்டிலிருந்து வெளியே 30 மில்லிமீற்றர் இறங்கட்டும், நூற்றுக்கு ஒன்று. பொந்துப் பலகையின் வெளிமுனை மூடியில் அடிப்பக்கம் துளை இல்லையென்றால் நீங்களே ஒன்று போடுங்கள்.

வெல்டிங், கிரைண்டர் வேலை எல்லாம் முடிந்த பிறகே பலகை இடத்துக்கு வரவேண்டும். கிரைண்டர் பொறி கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகளாகப் பலகையில் குத்திக்கொள்ளும்; முதல் மழைக்கு அவ்வளவும் செம்புள்ளியாக மலரும். ஒக்சாலிக் அமிலம் கரைத்துத் துடைத்தால் போகும், ஆனால் எதற்கு அந்த வேலை.

கைப்பிடிச் சட்டத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கம்பிக்கால் இரும்புச் சட்டத்தில் பற்றவைக்கப்படவேண்டும். பலகையின்மேல் தகடு வைத்துத் திருகியது குழந்தை ஊஞ்சலாடினாலே பிடுங்கிக்கொண்டு வரும். சரிவு பக்கம் உயரம் 1,100 மில்லிமீற்றர், கம்பிக்கும் கம்பிக்கும் நாலு அங்குலத்துக்குக் குறைவு. படுக்கைவாட்டுக் கம்பி வேண்டாம், பிள்ளைகளுக்கு அது ஏணி. வெளிவரிசைக் கால் ஆறடிக்கு மேல் உயர்ந்தால் இரு திசையிலும் குறுக்குச்சட்டம் போடுங்கள். எட்டடியை நெருங்கினால் ஒரு பொறியியலாளரை அழைத்துக் காட்டுங்கள்.

பராமரிப்பே வேண்டாம் என்ற பேச்சு மலைநாட்டில் செல்லாது. முதல் சில வாரம் மேலுறையில்லாத பலகையிலிருந்து சாயத்தண்ணீர் நிறத்தில் கறை வடியும். மரத்தூளின் சாயம் அது, தானாக நிற்கும். கீழே வெள்ளைச் சுவர் இருந்தால் மட்டும் கவனியுங்கள். பாசி பலகையைத் தின்பதில்லை, அதன்மேல் படியும் தூசியிலும் ஈரத்திலும் வளர்கிறது. வழுக்கி விழுவது நாம்தான். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கொரு முறை சவர்க்காரத் தண்ணீரும் தும்புத்தடியும் கொண்டு பலகையின் நீளவாட்டில் தேய்த்துவிட்டால் போதும். கம்பித் தூரிகையும் அருகில் வைத்து அடிக்கும் உயரழுத்த நீரும் மேலுறையைக் கிழிக்கும். கரி அடுப்பை நேரே மேலே வைக்காதீர்கள். அடியில் கல்லோ தகரமோ இருந்தாலும் தெறிக்கும் ஒரு கங்கு போதும், உருகிய வடு தேய்த்தால் போகாது.

அந்த இருபத்தைந்து வருட உத்தரவாதத்தைப் பத்திரமாக வாங்கிப் படியுங்கள். சட்ட இடைவெளி, காற்றோட்டம், கிளிப் வகை மூன்றும் நிபந்தனையாக இருக்கும். உற்பத்தியாளர் எங்கோ இருக்கிறார். இங்கே பொறுப்பேற்பவர் யார் என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டெக்கைக் காட்டி அறை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அதையும் கேளுங்கள். வணிக இடத்துக்குக் காலத்தைக் குறைப்பவர்கள் பலர்.

ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. தை, மாசிதான் உங்களுக்கு நல்ல காலம். இதைப் படிக்கும் பண்டாரவளை, அப்புத்தளைக்காரர்கள் அந்த மாதங்களை எடுக்க வேண்டாம். அவர்களுக்கு வடகீழ் மழை அப்போதுதான். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றும் ஆடி, ஆவணிக் காற்றுக்காலமே அங்கே கொங்கிரீட்டும் பெயின்டும் காயும் பருவம்.

விலை எழுதாமல் விட்டதற்குக் காரணம், டொலரோடு சேர்ந்து அது மாதத்துக்கு மாதம் ஆடுவதுதான். அளவைச் சொல்லிவிட்டேன்: 21 பலகை, 200 கிளிப், சட்டத்துக்கு 5 பொக்ஸ் பார், சட்டத்தைத் தாங்கும் மூன்று உத்தரத்துக்கு 4×2 அங்குலப் பாரில் இரண்டு, ஒன்பது கால், ஒன்பது குழி. கால் உயரம் உங்கள் சரிவைப் பொறுத்தது. இதைக் கொண்டுபோய் இரண்டு கடையில் விலை கேளுங்கள். பலகையை 21 ஆக வாங்காமல் 23 ஆக, ஒரே தொகுதி இலக்கம் பார்த்து வாங்குங்கள். அடுத்த கப்பலில் வரும் பலகை அதே நிறமாக இருக்காது. மீதி இரண்டையும் சாய்த்து வைக்காமல், கட்டிலுக்கு அடியிலோ பரண்மீதோ மட்டமாகக் கிடத்துங்கள்.